மூன்று டியூப்களும் ஒரு முகத்துணியும்

என் தோல் பொல்லாத தோல். சோப்பு மாற்றினால் தடிக்கும். புதுச் சட்டையைத் துவைக்காமல் போட்டால் கழுத்தைச் சுற்றிச் சிவந்துவிடும். காக்கி உடுப்புக்குள் இப்படி ஒரு தோலை வைத்துக்கொண்டு பன்னிரண்டு வருடம் சென்னையில் காலம் தள்ளினேன். மனு மேல் மனு போட்டு, கடைசியில் ஒரு தை மாதம், ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போக்குவரத்துக் காவலராக மாறுதல் வாங்கினேன். சேத்தூரில் சொந்த வீடு. மனைவிக்கு ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் பேண்டேஜ் துணி நெய்கிற ஆலையில் வேலை. மகள் பிறந்ததிலிருந்து அப்போதுதான் முதல் முறையாக எங்கள் வீட்டில் தினமும் மூன்று தட்டு வைத்தார்கள்.

நிழலே இல்லாத ஒரு முக்கில் எனக்கு வேலை. ஒரு பக்கம் டவுன் பஸ், ஒரு பக்கம் பால்கோவா வாங்க வழியிலேயே காரை நிறுத்துகிற வெளியூர்க்காரர்கள். இரண்டே மாதத்தில் கன்னமும் மூக்கும் கருத்து, தோல் உரியத் தொடங்கியது. தோல் டாக்டர் பார்த்துவிட்டு, “வெயில் உங்களுக்கு ஆகாது, சன்ஸ்கிரீன் போடாம நிக்காதீங்க” என்றார். வாசனை சேர்க்காததாக, என்னைப் போன்ற தோலுக்கென்றே வருவதாகப் பார்த்து எழுதிக் கொடுத்தார். சித்திரை பிறந்த வாரம் என் மனைவி அதை வாங்கி வந்தாள். முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து இரண்டு விரல் நீளம் பிதுக்கிக்கொள்ள வேண்டுமாம். பூசிக்கொண்டு கண்ணாடியில் பார்த்தேன். திருநீற்றை முகம் முழுக்க அப்பிக்கொண்டதுபோல இருந்தது. ஸ்டேஷனில், “என்னய்யா, மேடையேறப் போறியா?” என்று ஆரம்பித்தவர்கள் ஒரு வாரத்துக்கு ஓயவில்லை.

கேலியைப் பொறுத்துக்கொள்ளலாம். எரிச்சலைப் பொறுக்க முடியவில்லை. மூன்றாம் நாள் பைக்கை விட்டு இறங்கும்போதே கன்னம் மிளகாய் அரைத்துப் பூசியதுபோல எரிந்தது. சாயங்காலம் பொடிப்பொடியாகக் கொப்புளம். வீட்டுக்கு வந்ததும் டியூபைத் தூக்கி எறிந்தேன். “உன் கிரீமும் நீயும்” என்று மனைவியையும் சேர்த்து எறிந்த மாதிரிதான் பேசினேன். அவள் மறுநாளே வேறொரு டியூப் வாங்கி வந்தாள். அதுவும் எரிந்தது.

திரும்ப டாக்டரிடம் போனேன். மூன்றாவதாக ஒன்றை எழுதி, “முகத்துக்குப் போகாதீங்க, முழங்கை மடிப்புல மூணு நாள் தடவிப் பாருங்க” என்றார். தடவினேன். கை சமர்த்தாக இருந்தது. நான்காம் நாள் நம்பிக்கையோடு முகத்தில் பூசிக்கொண்டு கிளம்பினேன். அன்றைக்கு உதடே வீங்கிவிட்டது. விசிலை வாயில் வைக்க முடியவில்லை.

ஆய்வாளர் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். நல்ல மனிதர்.

“இப்படியே விட்டா முகம் புண்ணாயிரும்யா. விருதுநகர்ல உள் வேலை ஒண்ணு காலியா இருக்கு. எழுதிக் குடு, நான் பேசுதேன். திங்கக்கிழமைக்குள்ள சொல்லு.”

உள் வேலை என்றால் ராத்திரி முறையும் உண்டு. அங்கே அறை எடுத்துத்தான் தங்க வேண்டும். வாரத்துக்கு ஒரு நாள் வீடு. சென்னைக்குப் பதில் விருதுநகர், அவ்வளவுதான். வீட்டில் சொன்னபோது மனைவி மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். “போங்க. மொகம் முக்கியம்” என்றாள். சீப்பு கையிலேயே நின்றுவிட்டது. வந்த துக்கத்தையும் கோபமாக மாற்றிக்கொள்ளத்தான் எனக்குத் தெரிந்தது.

சனிக்கிழமை வேலை முடிந்ததும் மூன்றாவது டியூபை எடுத்துக்கொண்டு, அதை வாங்கிய ராஜபாளையத்து மருந்துக் கடைக்குப் போனேன். சண்டை போடத்தான் போனேன். கடையில் முப்பது வயதிருக்கும் ஒரு பெண் இருந்தார். ஹெல்மெட்டைக் கழற்றி, முகத்தில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துக் கண்ணாடிப் பலகை மேல் போட்டு, “பாரும்மா, நீ குடுத்த கிரீம் பண்ணின வேலையை” என்றேன்.

அவர் பயப்படவில்லை. என் முகத்தை நிதானமாகப் பார்த்தார்.

“நெத்திக்குக் கிரீம் போடலையா, அண்ணாச்சி?”

“போட்டேனே. ஏன்?”

“அங்க ஒண்ணுமே இல்லையே. கழுத்துலயும் கீழ நல்லாத்தான் இருக்கு. மூக்குல இருந்து தாடை வரைக்கும் மட்டும் கோடு போட்ட மாதிரி வந்திருக்கு.”

சொல்லிவிட்டு, நான் போட்ட துணியை விரித்தார். வெள்ளை வேட்டியில் கிழித்த சதுரத் துணி. அங்கங்கே தேநீர் சிந்தியதுபோலப் பழுப்புத் திட்டு. முகர்ந்து பார்த்தார்.

“உங்க வீட்டுல மாங்கா இருக்கா?”

அந்த ஒரு கேள்வியில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

தேவதானம் பக்கம் மலையடியில் எங்கள் குடும்பத் தோப்பு. அண்ணன் பார்த்துக்கொள்கிறார். பறித்த காய் எங்கள் வீட்டுக்குத்தான் வரும். காம்பைக் கிள்ளினால் பால் பீய்ச்சும். அது பட்ட இடம் வெந்துபோகும் என்பதால், காயைக் கவிழ்த்து வைத்துப் பால் வடியவிட்டு, துணியால் துடைத்துத்தான் அடுக்குவோம். துடைக்கப் பழைய வேட்டிகளைக் கிழித்து வைத்தவன் நான். அதே துணியில் ஒன்றைத்தான் தை மாதத்திலிருந்து தினமும் முகத்தில் கட்டிக்கொண்டு சேத்தூரிலிருந்து பைக்கில் வந்தேன். தை மாதத்தில் தோப்பில் காய் இல்லை. சித்திரையில் காய் இறங்கியது, கிரீமும் வந்தது. எல்லாத் துணியும் ஒரே வாளியில் ஊறி, ஒரே கொடியில் காய்ந்தன. நானும் துவைத்ததுதானே என்று கைக்கு வந்ததை எடுத்துக் கட்டினேன்.

“மாங்காப் பால் பிசின்லா, அண்ணாச்சி. தொவச்சா எங்க போவுது? வேர்வை பட்டதும் எறங்கிருக்கும். எங்க வீட்டுலயும் தோப்பு உண்டு, அதான் கறையப் பாத்ததும் தெரிஞ்சுச்சு” என்றார் அவர்.

சின்ன வயதில் மாங்காயைக் கடித்து வாய் ஓரத்தில் புண் வராத பிள்ளை எங்கள் வீட்டில் கிடையாது. அந்தப் புண்ணை எனக்கு அடையாளம் தெரியவில்லை. தொழில் புத்தி அப்படி. ஒன்று காணாமல் போனால் ஊருக்குப் புதிதாக வந்தவனைத்தான் முதலில் விசாரிப்போம். புதிதாக வந்தது கிரீம், அதைக் கொண்டுவந்தது மனைவி. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான். கடைக்காரப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன். வாய்விட்டுச் சிரித்தேன். உதடு வலித்தது, ஆனாலும் சிரித்தேன்.

வீட்டில் சொன்னபோது மனைவி முதலில் நம்பவில்லை. பிறகு கொடியில் தொங்கிய துணிகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“வீட்டுக்குள்ள இருக்க திருடனப் புடிக்க மருந்துக் கடைக்காரி வேண்டியிருக்கு. இதுல போலீஸு” என்றாள்.

“உன்னை எம்புட்டுப் பேசிட்டேன்” என்றேன்.

“எல்லாத்தையும் எண்ணித்தான் வச்சிருக்கேன். பொறவு பாத்துக்கிடுதேன்.”

சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எந்தத் துணியில் துடைக்கிறாள் என்று பதறிப்போய்ப் பார்த்தேன். சேலை முந்தானைதான்.

திங்கட்கிழமை ஆய்வாளரிடம் பத்து நாள் அவகாசம் கேட்டேன். புண் ஆறும்வரை டாக்டர் கொடுத்த களிம்பு, வெயிலில் நிற்கவில்லை. ஆறியதும், டாக்டர் சொன்னபடியே, அதே மூன்றாவது டியூபைத் திரும்பவும் பூசினேன். மனைவி ஆலையில் இருந்து மீட்டர் கணக்கில் பேண்டேஜ் துணி வாங்கி வந்து, முகத்துக்கென்று தனியாக வெட்டி, தனி வாளியில் அலசிக் காயப்போட்டாள். அதைக் கட்டிக்கொண்டு போனால் இப்போது, “ஆஸ்பத்திரில இருந்து நேரா வாரியா?” என்கிறார்கள். கேட்டுவிட்டுப் போகட்டும். மத்தியானம் இன்னொரு தரம் கிரீம் போடும்போது அவர்களில் ஒருவர் வந்து, “செத்த குடு, பாப்போம்” என்று கை நீட்டுகிறார்.

பத்தாம் நாள் உச்சி வெயிலில் ஆய்வாளர் ஜீப்பை என் அருகில் நிறுத்தி, முகத்தை ஒரு முறை நன்றாகப் பார்த்தார்.

“அப்ப விருதுநகர் வேண்டாமா?”

“இந்த வெயிலே போதும், சார்.”

நடுரோட்டில் நின்று வெயிலைக் கேட்டு வாங்கியவன் இந்தப் பக்கத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது மகள் தட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். எத்தனை என்று எண்ணிப் பார்த்தேன். மூன்று.