உடைப்பக்காவின் அரைச் சுற்று

எங்கள் ஆய்வுக்கூடத்தில் கண்ணாடி உடைப்பதற்கென்றே சம்பளம் வாங்கும் ஒருவர் இருக்கிறார். எல்லோருக்கும் அவர் உடைப்பக்கா. வீட்டில் ஒரு டம்ளர் கைதவறி விழுந்தாலும், "ஆபீஸ் வேலைய வீட்டுக்குக் கொண்டு வராத" என்பாராம் அவர் கணவர்.

பதினொரு வருடமாகத் தற்காலிகம். இந்த முறை நிரந்தரமாக்கும் பட்டியலில் அவர் பெயரும் போயிருந்தது. வேலையில் ஒரே ஒரு குறை எழுதப்பட்டாலும் பெயரைப் பட்டியலிலிருந்து தூக்கிவிடுவார்கள்.

நான் லேசர்காரன். கடற்சிப்பிக்குள் சின்னச் சின்னச் சில்லுகள் அடுக்கடுக்காக இருக்கும்; அடி விழுந்தால் அவை கொஞ்சம் நழுவி அடியை வாங்கிக்கொள்ளும், ஓடு பிளக்காது. அதேபோலக் கண்ணாடிக்குள் வளைவு வளைவாகக் கோடு போட்டு, இடுக்கில் ரப்பர் மாதிரியான பசையை இறக்குவது என் வேலை. ஆனால் மூன்று மாதமாக எல்லாம் பொட்டுப் பொட்டென்று உடைந்தன. ஆய்வை நடத்தும் மேடம் என் கோட்டைத்தான் குறை சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வழக்கமாகத் துண்டுகளைக் குப்பையில் தள்ளிவிடும் உடைப்பக்கா, ஒரு வெள்ளிக்கிழமை அவற்றை மேசையில் பரப்பிப் பார்த்தார். எல்லாம், சோதிக்கும்போது கண்ணாடியைத் திருகி இறுக்கும் இரும்புப் பிடியின் ஓரத்தில் உடைந்திருந்தன. அழுத்தம் விழும் நடுப்பகுதியில் ஒன்றுகூட உடையவில்லை.

"தம்பி, தப்பு என்னோடது. சாதாக் கண்ணாடி நழுவிடும்னு எப்பவும் அரைச் சுத்து கூடுதலாத் திருகுவேன். இது நழுவணும்னே செஞ்சது. நாந்தான் நழுவ விடல."

"யார்கிட்டயும் சொல்லாதீங்கக்கா. திருகைத் தளர்த்திடுங்க. கோட்ட மாத்திட்டேன்னு நான் சொல்லிக்கிறேன்."

"அப்புறம் எந்தக் கோடு சரின்னு யாருக்கும் தெரியாமப் போயிடும்" என்றவர், நேராக மேடத்தின் அறைக்குப் போனார்.

மேடம் உடனே திருகைத் தளர்த்திச் சோதிக்கச் சொன்னார். அழுத்தம் ஏற ஏறக் கண்ணாடி வளைந்தது, வெள்ளையாக மங்கியது, உடையவில்லை. எனக்கு விசிலடிக்கத் தோன்றியது.

மேடம் சிரிக்கவில்லை. "தப்பையும் எழுதணும்மா. யாரு செஞ்சதுன்னு கேப்பாங்க."

"எழுதுங்க மேடம்."

அடுத்த வாரம் பட்டியல் வந்தது. அவர் பெயர் இல்லை. எனக்குக் கோபம் அவர் மேல்தான்.

"வாய மூடிட்டு இருந்திருக்கலாம்ல?"

"பதினோரு வருஷத்துல உடையாம நின்ன ஒரே கண்ணாடி இது தம்பி. மூணு மாசமா அது என் கையாலதான் உடைஞ்சுச்சுன்னு தெரிஞ்சப்புறம் எப்படி வாய மூடுறது?"

சொல்லும்போதே அழுதுவிட்டார். அடுத்த பட்டியல் வர மூன்று வருடமாகும்.