தம்பிக்கு நான் தேர்ந்தெடுத்த சைக்கிள்

திருச்சியில் வந்து இறங்கிய மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. விடிந்தும் விடியாத நேரத்தில், மன்னார்புரம் வீட்டின் கூடத்தில் என் தம்பி ரவி இறுக்கமான கறுப்புக் கால்சட்டையோடு நின்றிருந்தான். உட்காரும் இடத்தில் பஞ்சு வைத்துத் தைத்த கால்சட்டை. தலையில் ஹெல்மெட், கைகளில் விரல் நுனி இல்லாத உறைகள். வங்கி வேலையிலிருந்து வீடு திரும்பினால் செருப்பைக் கழற்றும் முன்பே வேட்டியைத் தேடியவன் அவன். இப்போது வயது அறுபத்தாறு. "சிரிக்காதீங்கண்ணே, மாலதி சிரிச்சு முடிச்சாச்சு" என்றான். அவன் மனைவி மாலதி அடுப்படியிலிருந்து, "எங்க முடிச்சேன்? வாராவாரம் புதுசா சிரிக்கிறேன் மாமா" என்றாள்.

நான் நெதர்லாந்தில், உட்ரெக்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் முப்பத்தைந்து ஆண்டுகளாக இருக்கிறேன். மண் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அங்கே சைக்கிளை ஃபீட்ஸ் என்பார்கள். அது செருப்பு மாதிரி. மழையில் கிடக்கும், துருப்பிடிக்கும், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். கிளம்புவதற்கு முன் பக்கத்து வீட்டு மாரைக்கேயிடம், என் தம்பி ரோட் பைக் என்கிற வேக சைக்கிள் ஒன்று வாங்கப் போகிறான், நான்தான் தேர்ந்தெடுக்க வேண்டுமாம் என்று சொன்னேன். "எங்கே போவதற்கு?" என்று கேட்டாள். எங்கும் இல்லை, வாரம் ஒரு நாள் ஆற்றுப்பாலம் தாண்டிப் போய் இட்லி சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வருவான் என்றேன். அவள் முகம் வாடிவிட்டது. "அவர் வீட்டுக்கு அருகில் உணவே கிடைக்காதா?" என்றாள். விளக்க முயன்றேன். எனக்கே அது சரியாக விளங்கியிருக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

அந்த ஞாயிறு ரவியின் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அவனுடைய சைக்கிள் குழுவின் பின்னாலேயே போனேன். ஏழெட்டுப் பேர், எல்லோரும் ஓய்வு பெற்றவர்கள். ரவி தன் பழைய கனத்த சைக்கிளில் முன்னால் போனான். காவிரிப் பாலத்தில் நடைப்பயிற்சி போகிறவர்கள் கையசைத்தார்கள். ஸ்ரீரங்கத்துக்குள் நுழைந்ததும் பூக்காரம்மா, "என்ன சார், போன வாரம் காணோம்?" என்றாள். கோபுரத்துக்கு முன்னால் நின்ற ஆட்டோக்காரர் ஒருவர் வழி விட்டுச் சலாம் வைத்தார். டிபன் கடையில், கேட்காமலேயே அவன் இலையில் இரண்டாம் முறை கொத்சு விழுந்தது. என்னை அவனுடைய நண்பர்களில் மூத்தவரான இன்னாசி சாரிடம் அறிமுகம் செய்துவைத்தான். கல்லூரியில் விலங்கியல் கற்பித்தவர். குழுவில் எல்லோருக்கும் ரவிதான் கேப்டன்.

"அடடே, கேப்டனோட அண்ணனா! அங்கெல்லாம் சைக்கிளுக்குத் தனி ரோடாமே?"

"ஆமாம் சார், ஊர் முழுக்க."

"அப்ப போரடிக்குமே. யாருகூட சண்டை போடுவீங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் கேப்டனோட அண்ணன் என்ற சொல்லுக்குப் பிறகு இட்லியைப் பாதியில் வைத்துவிட்டேன். இந்த ஊரில் ஒரு காலத்தில் அவன்தான் என் தம்பியாக இருந்தான். பள்ளிக்கூடத்திலும், தெருவிலும், அப்பாவின் அலுவலகத்திலும் அவனை என் பெயரைச் சொல்லித்தான் அடையாளம் கண்டார்கள். நான் வெளிநாடு போனபோது இதே ஊரில் எனக்காக ஓர் இடம் காலியாகவே காத்திருக்கும் என்று நினைத்திருக்கிறேன். யாரும் அதைப் பிடுங்கிக்கொள்ளவில்லை. நான் எழுந்து போனேன், அவன் வாழ்ந்தான், அவ்வளவுதான். இது எனக்கு அன்றே தெரியும். தெரிந்தும் வயிறு எரிந்தது. அங்கே என் ஊரில் தினமும் ஒரே பாதையில் ஃபீட்ஸ் ஓட்டுகிறேன். நான் ஒரு வாரம் வராவிட்டால் ஏன் என்று கேட்க ஒரு பூக்காரி கிடையாது.

மறுநாள் சைக்கிள் கடைக்குப் போனோம். ரவி மாதக்கணக்கில் வீடியோக்கள் பார்த்திருந்தான். வாரம் ஒரு நாள் ஓட்டுகிறவனுக்குப் பந்தய வண்டி வேண்டாம், கைப்பிடி ரொம்பத் தாழ்ந்திருக்கக் கூடாது, நம் சாலைக்கு டயர் கொஞ்சம் அகலமாக வேண்டும், உதிரிபாகம் உள்ளூரில் கிடைக்க வேண்டும், பென்ஷனுக்கு அடங்க வேண்டும் என்று எல்லாம் சரியாகவே சொன்னான். அவன் சொன்னதற்கெல்லாம் பொருத்தமாக ஒரு நீல வண்டி அங்கே இருந்தது. பக்கத்திலேயே ஒரு சிவப்பு வண்டி. மெல்லிய டயர், தாழ்ந்த கைப்பிடி, ஒரு சைஸ் பெரியது. யாரோ ஆர்டர் கொடுத்துவிட்டு எடுக்காமல் போனதால் அதே விலைக்கு வந்தது. ரவி இரண்டிலும் ஏறிப் பார்த்தான். சிவப்பு வண்டியில் அவனுடைய கால்விரல் நுனிதான் தரையைத் தொட்டது. முழங்கைகள் விறைத்து நீண்டன.

நெதர்லாந்தில் பழைய சைக்கிள் வாங்கப் போனாலும் முதலில் காலின் உயரத்தைத்தான் பார்ப்பார்கள். பந்தய சைக்கிளை நான் வாழ்நாளில் ஓட்டியதில்லை என்றாலும் இந்த ஒரு விஷயம் எனக்கு நன்றாகத் தெரியும். கடைக்காரப் பெண், "சாருக்கு நீலம்தான் வசதி" என்றாள். ரவி என்னைக் கைகாட்டி, "எங்க அண்ணன் ஹாலந்துல இருக்காங்க. அங்க குழந்தை பொறந்ததுமே சைக்கிள்தான். அவங்க சொல்றதுதான்" என்றான். அவள் சிரித்துக்கொண்டே ஒதுங்கி நின்றாள். நம் ஊரில் விமானத்தில் வந்த அபிப்பிராயத்தோடு யாரும் வாதாடுவதில்லை. இரண்டு பேரும் என் வாயைப் பார்த்தார்கள்.

"சிவப்பை எடுத்துக்க. வேகமா போகும். பழகிடும்" என்றேன்.

கடை வாசலிலேயே டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். அத்தனை மெல்லிய டயர் அதை நசுக்காமல் வழுக்கியது. இரண்டாம் முறைதான் ஏறியது. ரவி குழந்தை மாதிரி மகிழ்ந்தான்.

அடுத்த ஞாயிறு அவர்கள் கரூர் சாலை வழியாக முக்கொம்புக்குப் போனார்கள். ரவி கடைசியாகத்தான் போய்ச் சேர்ந்தான் என்று பிறகு கேள்விப்பட்டேன். கைகள் மரத்துப் போயின, கழுத்து நிமிரவில்லை. திரும்பும்போது ஒரு வேகத்தடையில் நிறுத்தப் பார்த்து, கால் எட்டாமல் அப்படியே சரிந்திருக்கிறான். முழங்கை தேய்ந்து, ஆட்டோவில் சைக்கிளோடு வந்து இறங்கினான். காயம் பெரிதில்லை. ஆனால் அடுத்த வாரம் மூட்டுவலி என்றான், அதற்கடுத்த வாரம் ஏதோ கல்யாணம் என்றான். அந்த இரண்டு ஞாயிறும் காலையில் நாங்கள் எதிரெதிரே உட்கார்ந்து காபி குடித்தோம். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், முதல் ஞாயிறு எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவன் அன்று வேறு யாருக்கும் இல்லை, எனக்கு மட்டும் இருந்தான்.

இரண்டாம் ஞாயிறு இன்னாசி சார் வாசலில் வந்து மணியடித்தார். "கேப்டன், நீங்க இல்லாம கடைக்காரன் கொத்சுல தண்ணி ஊத்தறான்யா. வாங்க!"

ரவி ஜன்னல் வழியாகவே, "இல்ல சார், வயசாயிடுச்சு. இனிமே நமக்கு வேண்டாம். நீங்க போயிட்டு வாங்க" என்றான்.

அவன் அதைச் சமாதானத்துக்காகச் சொல்லவில்லை, நம்பிச் சொன்னான். மூன்று வாரத்துக்கு முன் பஞ்சு வைத்த கால்சட்டையில் நின்றவன், என் ஒரு வார்த்தையை நம்பிக் கிழவனாகிவிட்டான். அவர் போனதும் நான் வாயைத் திறந்தேன்.

"ரவி, அந்த சைக்கிள் உனக்குப் பெருசு. கடையிலயே எனக்குத் தெரியும்."

"விடுங்கண்ணே. என் உடம்பு சரியில்ல, அதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க?"

"தெரிஞ்சேதான் சொன்னேன். எல்லாரும் உன்னைக் கொண்டாடறதைப் பார்க்கப் பொறுக்கலை."

அவன் வாய்விட்டுச் சிரித்தான். "மாலதி, இங்க வா! ஹாலந்துக்காரருக்கு என்மேல பொறாமையாம்!" மாலதி கரண்டியோடு வந்தாள். அவள் என் முகத்தைப் பார்த்தாள், சிரிக்கவில்லை. அவளைப் பார்த்துத்தான் ரவியின் சிரிப்பும் நின்றது. கொஞ்ச நேரம் முழங்கைக் காயத்தின் காய்ந்த தோலைத் தடவிக்கொண்டிருந்தான்.

"ஞாயித்துக்கிழமை ஒண்ணுதாண்ணே எனக்குன்னு இருந்துச்சு" என்றான். பிறகு எழுந்து உள்ளே போய்விட்டான்.

மறுநாள் காலை சிவப்பு வண்டியை அவனே வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்தான். "ஏறுங்க" என்றான். நான் அவனைவிட அரையடி உயரம். ஏறினேன். இரண்டு பாதங்களும் ஊன்றின. தெருமுனை வரை போய்த் திரும்பினேன். குனிந்ததில் முதுகு வலித்தது, ஆனால் வண்டி எனக்குச் சரியாக இருந்தது. "உங்களுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு மாமா" என்றாள் மாலதி. ரவி, "அப்ப அவங்களே வெச்சுக்கட்டும். வர்றப்ப ஓட்டட்டும்" என்று அவளிடம் சொன்னான், என்னிடம் அல்ல. நீல வண்டியை நான் வாங்கிக் கொடுத்தேன். வழக்கமாக ஒரு டீக்குக்கூட என்னைப் பணம் கொடுக்க விடாதவன் அன்று தடுக்கவில்லை. அவனுடைய கோபத்தின் அளவு எனக்கு அதில்தான் தெரிந்தது. விமானம் ஏறுவதற்கு முந்தைய ஞாயிறு அவர்களோடு நானும் பாலம் தாண்டினேன். நீல வண்டி வெகு முன்னால் போய்க்கொண்டிருந்தது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. ஸ்ரீரங்கத்தில் இலை போட்டபோது மட்டும் தன் பக்கத்தில் ஓர் இடம் விட்டிருந்தான்.

இப்போது எப்போதும் போலப் பேசுகிறான். போன வாரம் ஃபோன் செய்தபோது இங்கே தூறிக்கொண்டிருந்தது. நான் ஃபீட்ஸை ஓரமாக நிறுத்திவிட்டு எடுத்தேன். இன்னாசி சாரின் மருமகன் புதிதாகக் குழுவில் சேர்ந்திருக்கிறாராம், நல்ல உயரமாம். "உங்க சைக்கிள் சும்மாதான் நிக்குது. அவருக்குக் கொடுக்கட்டுமாண்ணே?"

பாலத்தின் மேல் என் வண்டியில் யாரோ ஒருவன் போவதும், பூக்காரம்மா அவனைக் கேள்வி கேட்பதும் ஒரு கணத்தில் தெரிந்தன. பழைய எரிச்சல் பத்திரமாக அங்கேயே இருந்தது.

"கொடு. சீட்டோட உயரத்தை மட்டும் மாத்த வேண்டாம்னு சொல்லு."

"அவருக்கு உங்களைவிட கால் நீளம்ணே. ஏத்தியே ஆகணும்."

மன்னார்புரத்துப் பேருந்தின் ஹாரன் ஃபோனுக்குள் கேட்டது.

"சரி, ஏத்திக்கட்டும்" என்றேன்.

சிறிது நேரத்தில் ஒரு படம் அனுப்பினான். சீட்டைத் தாங்கும் கம்பி உயர்ந்திருந்தது. நான் உட்கார்ந்த உயரத்துக்கு அடையாளமாகக் கறுப்பு டேப்பை ஒரு சுற்று ஒட்டிவைத்திருந்தான். மழைத்துளி விழுந்த திரையைத் துடைத்துத் துடைத்து அந்தக் கறுப்பு வளையத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பின்னால் வந்த யாரோ, பாதையை மறிக்கிறேன் என்று மணியடித்தார்கள்.