கறுப்புப் பாறைகளுக்கிடையில் நிஸ்தாரின் இடது காது

போன ஓகஸ்ட் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, கட்டைக் காற்சட்டை அணிவதென்று தீர்மானித்தேன். இருபத்தாறு வருடங்களாகக் கச்சேரி என்று சொல்லப்படும் மாவட்ட அரச அலுவலகத்தில் வேலை செய்யும் நான், கண்டி நகரத்தில் இதுவரை முழங்காலை வெளியே காட்டியவனல்ல. சாதக பாதகங்களைக் கவனமாக ஆராய்ந்த பிறகு மனைவிக்கு அறிவித்தேன். அவர் காற்சட்டையை வாங்கி, நடுவில் மடிப்பு வைத்து அயர்ன் பண்ணித் தந்தார்.

காரணம் நிஸ்தார். மடவளையில் துணிக்கடை வைத்திருப்பவர், என்னோடு பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்தவர். ஐம்பது வயதான வாரத்தில் அவர் போனில் ஒரு வீடியோ பார்த்திருக்கிறார். நிலாவெளிக் கடலடியில், எரிமலைப் பாறைகளுக்கிடையே யாரோ மிதந்து போகிறார்கள்.

“மச்சான், கண்டி வாவியச் சுத்திச் சுத்தி நடந்தே வயசு போயிட்டு. ஒரு நாளாவது தண்ணிக்குள்ள என்ன இருக்குன்னு பாக்கணும்டா.”

“இலங்கையில எரிமலை இல்லையெண்டுதான் படிச்சனாங்கள்.”

“நீ படிச்சது மேல உள்ளத. இது அடியில உள்ளது.”

சனிக்கிழமை காலை 5.10க்கு மடவளையிலிருந்து அவருடைய வான் வண்டியில் புறப்பட்டோம். மாத்தளை, தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் வழியாக நிலாவெளிக்கு ஏறத்தாழ 190 கிலோமீற்றர். தம்புள்ளையில் தேநீருக்கும் ரோலுக்கும் இருபத்தைந்து நிமிடம். ஹபரணைக்கு அப்பால் யானை ஒன்று வீதியைக் கடப்பதற்காகப் பன்னிரண்டு நிமிடம் காத்திருந்தோம். 9.55க்குக் கடற்கரையில் நின்றோம். என் முழங்கால்களை ஒருவரும் பொருட்படுத்தவில்லை.

சுழியோடக் கூட்டிப்போகும் கொட்டிலில் ஆளுக்கு 18,000 ரூபாய். உடுப்பு, காற்றுச் சிலிண்டர், படகு, பயிற்சி எல்லாம் அதில் அடக்கம். பயிற்றுநர் சுகந்தன் திருகோணமலைக்காரர், முப்பது வயதிருக்கும். கொட்டில் வாசலில் விளம்பரப் பலகையில் எழுதியிருந்த எரிமலையைப் பற்றி விசாரித்தேன்.

“எரிமலை எண்டு சொல்லேலாது சேர். அப்பிடிப் போட்டாத்தான் ஆக்கள் வருவினம். ஆனா அந்தக் கறுப்புக் கல்லு நிலத்துக்கடியில இருந்து உருகி வந்து உறைஞ்சதாம். படிச்ச ஒராள் வந்து பாத்திட்டுச் சொன்னவர்.”

நிஸ்தார் என்னைப் பார்த்தார். வழக்கில் வென்றவரின் பார்வை.

பிறகு இரண்டு படிவங்கள் வந்தன. ஆங்கிலத்தில், உடல்நலம் பற்றிய கேள்விகள் மட்டும் ஒரு பக்கம். ஆஸ்துமா, இருதயம், வலிப்பு, காது. ஒவ்வொன்றுக்கும் ஆம் அல்லது இல்லை. எங்கள் அலுவலகத்தில் எவருடைய படிவத்தையும் நிரப்பும் வேலை என்னிடம்தான் வரும். பேனா தானாகவே என் கைக்கு வந்துவிட்டது. இத்தனை வருட சேவையில் நான் கற்றது ஒன்றுதான்: ‘ஆம்’ என்று எழுதினால் இணைப்பாக ஒரு கடிதம் கேட்பார்கள். ‘இல்லை’ என்று எழுதியவரை யாரும் திருப்பி அனுப்புவதில்லை.

“காதில ஏதும் வருத்தம் இருந்ததோ எண்டு கேட்டிருக்கு.”

“சின்னதுல இடது காதுல சீழ் வடிஞ்சது. சவ்வுல ஓட்டை இருக்குன்னு டொக்டர் சொன்னார். உம்மா எண்ணெய் விட்டுப் பஞ்சு வைப்பாங்க. நீதான் என்னைப் பஞ்சுக்கடைன்னு கூப்பிடுவாய்.”

“இப்ப வடியுதோ?”

“இப்ப இல்ல.”

“அப்ப இல்லை. ஆமெண்டு போட்டா டொக்டரிட்டக் கடிதம் வாங்கிக்கொண்டு வரச் சொல்லுவாங்கள். பின்னேரம் கடல் குழம்பிடும். நீ திரும்பிப் போய் வாவியைச் சுத்த வேண்டியதுதான்.”

அவர் வாசிக்காமல் கையெழுத்திட்டார். இரண்டு படிவங்களையும் நான்கு நிமிடத்தில் முடித்தேன். சுகந்தன் மேலும் கீழும் பார்த்து, “எல்லாம் கிளீனா இருக்கு சேர்” என்றார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

இடுப்பளவு நீரில் நாற்பது நிமிடப் பயிற்சி. ஆழம் போகப்போகக் காது அடைக்கும். மூக்கைப் பொத்தி மெல்ல ஊதினால் திறக்கும். நிஸ்தார் ஊதிவிட்டு என்னருகே வந்தார்.

“மச்சான், காதால காத்து போகுது. புஸ்ஸுன்னு.”

“சத்தம் போடாத. சுகந்தனுக்குக் கேட்டா உன்னைக் கரையில விட்டிட்டுப் போயிடுவான்.”

படகில் பதினைந்து நிமிடம். 11.20க்கு நங்கூரக் கயிற்றைப் பிடித்தபடி இறங்கினோம். அங்கே கண்டதை இன்றுவரை என்னால் ஒழுங்காகச் சொல்ல முடியவில்லை. ஆளுயரக் கறுப்புப் பாறைகள், பதிவேட்டு அறையில் அலுமாரிகளை நெருக்கி வைத்ததுபோல வரிசையாக நின்றன. இடையே ஒருவர் நுழையும் அகலத்தில் சந்துகள். சந்துக்குள் மஞ்சள் மீன்கள், யாரோ கூப்பிட்டதுபோல ஒரே நேரத்தில் திரும்பின. ஒரு பிளவிலிருந்து விலாங்கு ஒன்று வாயைத் திறந்து மூடியது. நிஸ்தார் என் தோளைத் தட்டி, பாறையைக் காட்டி, தன் நெஞ்சைத் தொட்டார். முகமூடிக்குள் அவர் கண்கள் சிரித்தன.

ஆறு மீற்றரில் அவர் மறுபடியும் மூக்கைப் பொத்தி ஊதினார். இடது காதிலிருந்து மெல்லிய குமிழிகள் நூல் கோத்ததுபோல மேலே போயின. ஒரு மனிதனின் காதிலிருந்து காற்றுப் போவதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அழகாக இருந்தது என்பதை எழுதத்தான் வேண்டும்.

அவர் இன்னும் பலமாக ஊதினார். உடனே தலை ஒரு பக்கம் சாய்ந்தது. கண்மணிகள் இரண்டும் இடமும் வலமுமாகத் துடித்தன. எது மேல், எது கீழ் என்று அவருக்குத் தெரியவில்லை; மேற்பரப்புக்குப் போவதாக நினைத்துக்கொண்டு, தலைகீழாக, முழு வேகத்தில் கறுப்புச் சந்துக்குள் நீந்தினார். வாயிலிருந்த காற்றுக்குழாயைக் கையால் பிடுங்கினார். நான் கத்தினேன். தண்ணீருக்குள் கத்தினால் குமிழிதான் வரும்.

சுகந்தன் அவரைச் சிலிண்டரில் பிடித்து வெளியே இழுத்து, குழாயை வாயில் திணித்து, உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். எனக்குக் கயிற்றைக் காட்டினார். அதைப் பிடித்தபடி அவர்களுக்குப் பின்னால் மெல்ல மெல்ல ஏறினேன். அந்த ஆறு மீற்றர்தான் 190 கிலோமீற்றரை விட நீளமாக இருந்தது.

படகில் நிஸ்தார் மூன்று முறை வாந்தியெடுத்தார். காதோரம் இரத்தம்.

“அண்ணை, உங்களுக்குக் காதில முந்தி ஏதும் இருந்ததோ?” என்று சுகந்தன் கேட்டார்.

நிஸ்தார் படகின் விளிம்பைக் கட்டிப்பிடித்தபடி என்னைப் பார்த்தார். “இல்லன்னு போர்ம்ல இருக்கே தம்பி” என்றார்.

“இருந்தது. நான்தான் இல்லையெண்டு எழுதினனான்.”

சுகந்தன் நங்கூரக் கயிற்றை இழுத்து உள்ளே போட்டார். “நீங்கள் என்ன வேலை சேர்?”

“கச்சேரியில தலைமை எழுதுநர்.”

“அப்ப சரி” என்று சொல்லிவிட்டு இயந்திரத்தை இயக்கினார்.

திருகோணமலையில் முதலுதவி, இரண்டு நாள் வார்ட். பிறகு கண்டியில் காது, மூக்கு, தொண்டை டொக்டர். ஓட்டையால் குளிர்ந்த தண்ணீர் உள்ளே போனதில் தலை சுற்றியிருக்கிறது. பலமாக ஊதியதில் உள்காதும் பழுதாகியிருக்கிறது. நிஸ்தாரின் மனைவி என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, தேநீர் தந்தார். கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

போக விரும்புவோருக்கு: மே முதல் செப்டெம்பர் வரை கடல் தெளிவாக இருக்கும். முற்பகலில் இறங்குங்கள். கண்டியிலிருந்து ஐந்து மணிக்கு முன் புறப்பட்டால் தம்புள்ளையில் நெரிசல் இல்லை. போவதற்கு ஒரு வாரம் முன்பே டொக்டரிடம் காதைக் காட்டி, கடிதம் வாங்கி வையுங்கள். படிவத்தை அவரவரே நிரப்புங்கள். விளங்காத கேள்வியைப் பயிற்றுநரிடம் கேளுங்கள், நண்பரிடமல்ல. ஊதும்போது காதால் காற்றுப் போனால், அந்த இடத்திலேயே, சத்தமாகச் சொல்லுங்கள். பாறைகள் அங்கேயேதான் இருக்கும்.

நிஸ்தாருக்கு இடது காது கேட்பதில்லை. நாங்கள் நடக்கும்போது நான் அவருடைய வலது பக்கத்தில் நடக்கிறேன்.