ஏரி தாண்டாத வலி

எங்கள் அக்காவின் வயிற்றுவலி ஏரியைத் தாண்டியதே இல்லை. பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே மணல்மேட்டில் எங்கள் குப்பம். பள்ளிக்கூடம் இக்கரையில், ஆஸ்பத்திரி அக்கரையில். வீட்டுக்குத் தூரமான பெண் படகில் கால் வைத்தால் வலையில் மீன் படாது என்பது ஊர்ச் சட்டம். அதனால் மாதாமாதம் வலி வரும்போது அக்கா வீட்டிலேயே சுருண்டு கிடப்பாள். எல்லாம் முடிந்து, தலைக்கு ஊற்றி, பூவும் வைத்த பிறகுதான் அம்மா அவளைப் படகேற்றி டாக்டரிடம் கூட்டிப்போவாள்.

கல்யாண வீட்டுக்குக் கிளம்பியவள்போல வந்து நிற்கும் பெண்ணை டாக்டர் என்ன செய்வார்? இப்போது வலிக்கிறதா என்பார். இவள் இல்லை என்பாள். ஒருமுறை பூச்சி மாத்திரை, இன்னொருமுறை சத்து மாத்திரை. பள்ளிக்கு மட்டம் போடத்தான் இந்த நடிப்பு என்று சித்தப்பா தீர்ப்புச் சொன்னார். பல்வலிக்குத் தெருவையே கூட்டிய மனுஷர் அவர். அத்தையோ, "கல்யாணம் ஆச்சுன்னா எல்லாம் சரியாப்பூடும்" என்று சொல்லி, ஆரம்பாக்கத்தில் ஒரு மாப்பிள்ளையையே பார்த்துவிட்டாள். பிளஸ் ஒன்னோடு படிப்பை நிறுத்துவதாகப் பேச்சு. அக்காவுக்குப் படிப்பென்றால் உயிர்.

எனக்கு அப்போது எட்டு வயது. ஒருநாள் காலையில் நைனா கடலிலிருந்து சீக்கிரமே திரும்பிவிட்டார். அக்கா பாவாடை நுனியைக் கடித்துக்கொண்டு தரையில் கிடந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. செத்துப்போய்விடுவாளோ என்று பயந்து நான் அழுதுகொண்டிருந்தேன். ஆண்கள் வீட்டிலிருக்கும் நேரத்தில் அவளைப் பின்பக்கம் மறைத்துவிடுவது அம்மாவின் வழக்கம். அந்தக் கோலத்தில் நைனா அவளைப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அவர் நேராகக் கரைக்குப் போனார். வலையை இறக்கி மணலில் போட்டார். படகின் முனையில் கட்டியிருந்த எலுமிச்சம்பழத்தை அவிழ்த்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"வலய எறக்கிட்டா இது வெறும் பைபரு படகுதான். ஏத்து அவள" என்றார் அம்மாவிடம்.

சித்தப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். படகைத் தள்ளச் சொன்னார் நைனா. சித்தப்பா வாயை மூடிக்கொண்டு தள்ளினார். நானும் ஏறிக்கொண்டேன்.

அக்கரை ஆஸ்பத்திரியில் அன்று இருந்த டாக்டரம்மா வயிற்றைத் தொட்டதும் அக்கா போட்ட அலறலில் வராண்டாவில் இருந்த நைனா எழுந்து நின்றுவிட்டார். ஊசி போட்டபின் டாக்டரம்மா எண்டோமெட்ரியோசிஸ் என்று வாயில் நுழையாத ஒரு பெயரைச் சொல்லி, அதுவாக இருக்கலாம், பெரிய ஆஸ்பத்திரியில் காட்டவேண்டும் என்றார். கர்ப்பப்பைக்குள் இருக்கவேண்டிய சவ்வுபோன்ற ஒன்று வெளியிலும் வளர்ந்து பாடாய்ப் படுத்துமாம்.

"பொண்ண இப்படிச் சுருட்டிப் போடற வலி சாதாரண வலி இல்லம்மா. அவ நடிக்கல. கல்யாணம் இதுக்கு மருந்தும் இல்ல."

அக்கா அப்போதுதான் அழுதாள். அத்தனை வலியிலும் அழாதவள், தன்னை ஒருவர் நம்பிவிட்டார் என்றதும் தேம்பித் தேம்பி அழுதாள். நைனா வராண்டாவில் நின்றபடியே அத்தைக்குப் போன் போட்டு மாப்பிள்ளைப் பேச்சை முடித்துவிட்டார்.

எல்லாரும் கிளம்பியபோது அம்மா மட்டும் நாற்காலியை விட்டு எழவில்லை. முந்தானையைத் திருகிக்கொண்டே, "புள்ள பெத்த பொம்பளைக்கும் இது இருக்குமா மேடம்?" என்று கேட்டாள்.

இருக்கும், யாருக்கு என்றார் டாக்டரம்மா.

"பக்கத்து வூட்டுல ஒருத்திக்கு. வயசுக்கு வந்ததுலேர்ந்தே அவளுக்கும் இப்டித்தான்."

டாக்டரம்மா அம்மாவையே கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு, அவங்களையும் வரச்சொல்லுங்க என்றார். அம்மா தலையாட்டினாள்.

திரும்பும் வழியெல்லாம் எனக்கு அதே யோசனை. எங்கள் வீட்டுக்கு ஒரு பக்கம் ஐஸ் கொட்டகை, மறுபக்கம் சவுக்குத் தோப்பு. பக்கத்து வீடு என்று ஒன்று கிடையவே கிடையாது. டாக்டரிடம் போய் அம்மா இப்படிப் பொய் சொல்லிவிட்டாளே என்றுதான் எனக்குக் கவலையாக இருந்தது.