வெள்ளிக்கிழமை வரை காத்திருக்கும் கூடை

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஒரு பொருள் ஏன் ஓடவில்லை என்று தெரியாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. மிக்ஸியானாலும் சரி, மென்பொருளானாலும் சரி. புதுக்கோட்டையில் வீட்டு மாடியில் உட்கார்ந்து ஊர்க் கடைகளுக்கு வெப்சைட் செய்து கொடுக்கிறவளுக்கு இந்தப் பழக்கம் வரமா சாபமா என்று இன்றுவரை தெரியவில்லை.

அறந்தாங்கி தாண்டிக் கடற்கரைப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து ஒரு அக்கா கூப்பிட்டார். வீட்டு முன்னறையில் துணிக்கடை வைத்திருந்தார். பிள்ளைகளுக்குக் கவுன், பெண்களுக்குச் சுடிதார், நைட்டி, புர்கா. அதுவரை வாட்ஸப்பில் படம் போட்டு விற்றுக்கொண்டிருந்தார்.

"ஒரு படத்தப் போட்டா ஊரே 'எவ்வளவு, எவ்வளவு'ன்னு கேக்குறாக. பதில் சொல்லியே வெரல் தேஞ்சு போச்சு தங்கச்சி. ஒரு வெப்சைட் போட்டுக் குடுங்க" என்றார்.

நேரில் போனேன். டீயைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் உண்மையான விஷயத்தைச் சொன்னார். அவர் கணவர் சவுதியில் வேலை பார்க்கிறார். கல்யாணமான மறு வருஷம் போனவர். பெருநாள் முடிந்ததும் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கக் கையெழுத்துப் போட வேண்டும்.

"கடை தலையெடுத்துருச்சுன்னா கையெழுத்துப் போடாம வந்துருங்கன்னு சொல்லிட்டேன். அவுக பிடி குடுத்துப் பேச மாட்டேங்குறாக. எம் மக காலேஜுக்குப் போயிட்டா. அவ பெத்த அத்தாவ லீவுக்கு வர்ற விருந்தாளியாத்தான் பாத்துருக்கா."

சொல்லிவிட்டு முறுக்குத் தட்டை என் பக்கம் தள்ளினார். எனக்கு முறுக்கைக் கடிக்கவே கூச்சமாக இருந்தது. வெப்சைட் செய்யக் கூப்பிட்டவர் ஒரு மனிதனை ஊருக்குத் திருப்பி வரவழைக்கும் வேலையை என் தலையில் வைத்துவிட்டார்.

வாங்குகிறவர் துணியைத் தேர்ந்தெடுத்துக் கூடையில் போட, பணம் கட்ட, முகவரி கொடுக்க என்று எல்லாவற்றுக்கும் ஒரு மென்பொருள் வேண்டும். ஷாப்பிங் கார்ட் என்பார்கள். சந்தையில் அது வகைக்கு ஒன்றாகக் கிடக்கிறது. ஒன்று வாடகை வீடு மாதிரி. பார்க்க லட்சணம், ஆனால் ஆணி அடிப்பதற்கும் வீட்டுக்காரனைக் கேட்க வேண்டும். இன்னொன்று இலவசம், வெறும் மனை மாதிரி, அஸ்திவாரத்திலிருந்து நாமே கட்ட வேண்டும். மூன்றாவதாக ஒன்று இருந்தது. பழசு, அழகென்பது மருந்துக்கும் கிடையாது. திறந்த வேகத்தில் மூடிவிட்டேன். லட்சணத்துக்கு மயங்கி முதலாவதைத்தான் ஏற்பாடு செய்தேன். ஒரு மாதம் பணம் கட்டாமல் ஓட்டிப் பார்க்கலாம் என்றார்கள்.

படம் ஏற்றும்போது அக்கா ஒரு நிபந்தனை போட்டார். "நைட்டியப் போட்டுக்கிட்டு பொம்பளைக நிக்கிற படம் வேணாம். ஹேங்கர்ல மாட்டி எடுங்க. அங்க ஒரு ரூம்ல எட்டுப் பேரு கெடக்குறாக, ஒருத்தர் போன இன்னொருத்தர் எட்டிப் பாப்பாக."

நைட்டிப் படத்தைச் சவுதி அறையில் யார் பார்க்கப் போகிறார்கள்? அப்போதே கேட்டிருக்கலாம். ஹேங்கர் தேடுகிற மும்முரத்தில் விட்டுவிட்டேன்.

கடையைத் திறந்தோம். வாட்ஸப் குழுவுக்கு லிங்க் போனது. மறுநாள் பார்த்தால் கூடைகள் நிரம்பி வழிகின்றன. அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. அதற்கும் மறுநாள் பார்த்தால் ஒரு ஈ காக்காகூடப் பணம் கட்டவில்லை. மென்பொருள் ஒரு அறிக்கை நீட்டியது. 'கைவிடப்பட்ட கூடைகள்' என்று தலைப்பு. கைவிடப்பட்டவையாம்! அநாதை ஆசிரமத்துக் கணக்கா இது?

எனக்குச் சோறு இறங்காத நாட்கள் ஆரம்பமாயின. விலை அதிகமா? பணம் கட்டும் பக்கம் திறக்கவில்லையா? நானே ஒரு கவுன் வாங்கிப் பார்த்தேன். பணம் வழுக்கிக்கொண்டு போனது. அக்கா என்னைத் திட்டவில்லை. "மச்சான்கிட்ட என்னத்தச் சொல்லுறது" என்று மட்டும், கணவரை மனதில் வைத்து, போனில் கேட்டார். அதற்கு நாலு வசவே வாங்கியிருக்கலாம்.

பஸ் பிடித்து மறுபடி அவர் வீட்டுக்குப் போனேன். போன நேரம் நல்ல நேரம். அடுத்த தெருவிலிருந்து ஒரு பெண் விறுவிறுவென்று உள்ளே வந்தார். போனைத் தூக்கி அக்கா முகத்துக்கு நேராகக் காட்டினார்.

"நான் மறந்துட்டேன்னு ஒங்களுக்கு யாரு சொன்னா? 'உங்கள் கூடையை மறந்துவிட்டீர்களா'ன்னு காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு வருது. புள்ளைக்குப் பெருநாள் கவுன எந்தத் தாயாச்சும் மறப்பாளா?"

பணம் கட்டாதவர்களுக்கு மென்பொருள் தானாக அனுப்பும் செய்தி அது. அவர் கோபம் நியாயம்தான். எனக்கோ கையில் பழம் விழுந்த மாதிரி இருந்தது. உட்காரச் சொல்லிக் கேட்டேன்.

"மறக்கலன்னா ஏங்க்கா பணம் கட்டல?"

"அவுக பாக்கணும்ல?"

"யாரு?"

அந்தப் பெண் என்னை மேலும் கீழும் பார்த்தார். இப்படியும் ஒரு மக்கு உண்டா என்கிற பார்வை.

"எங்க வீட்டுக்காரவுகதான், சவுதியில இருக்காக. வெள்ளிக்கெழமதான அவுகளுக்கு லீவு. ஜும்மா தொழுகை முடிச்சு, சாப்புட்டு, படுத்துக்கிட்டே போன எடுப்பாக. நான் எடுத்து வச்சத ஒண்ணொண்ணாப் பாப்பாக. பாத்துட்டுக் காசு போடுவாக. காசு கட்டையில பேங்க்குலேருந்து வர்ற நம்பரு அவுக போனுக்குத்தான போவும்? ஒங்க கூடைய அங்கிட்டு அனுப்ப வழியே இல்ல. வெள்ளிக்கெழம தொறந்து பாத்தா ஒண்ணுமே இல்லாம தொடச்சு வச்சிருக்கு."

எனக்குப் பொட்டில் அடித்த மாதிரி இருந்தது. அந்த மென்பொருள் கூடையை ரெண்டு நாள் வைத்திருந்துவிட்டுக் கொட்டிவிடும். அதுவும் நிரப்பிய போனில் மட்டும்தான் தெரியும். எடுக்கிற கையும் கொடுக்கிற கையும் ஒன்று என்று நினைத்துக்கொண்டு எவனோ எழுதியிருக்கிறான்.

அக்கா பக்கம் திரும்பினேன். "இது ஒங்களுக்குத் தெரியாதாக்கா?"

"தெரியாம என்ன? வாட்ஸப்புல விக்கையில வெள்ளிக்கெழம வரைக்கும் தனியா மடிச்சு வச்சிருவேன். ஊருக்கே தெரிஞ்சதுதான தங்கச்சி. இதுல சொல்றதுக்கு என்ன இருக்கு?"

சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா? வீடு திரும்புகிற பஸ்ஸில் யோசித்தேன். ஊருக்குத் தெரிந்தது எனக்கு மட்டும் தெரியாதா? எங்கள் ஊர்க் கீழராஜ வீதி ஜவுளிக்கடைகளில் நான் பார்க்காததா? அம்மா பாயில் உட்கார்ந்து புடவையைப் பிரித்துப் போடச் சொல்வார். அப்பா பில் போடும் இடத்தில் கொட்டாவி விட்டுக்கொண்டு நிற்பார். எங்கள் வீட்டிலேயே எடுக்கிறவர் வேறு, கொடுக்கிறவர் வேறு. இந்த ஊரில் அந்த ரெண்டு பேருக்கும் நடுவில் ஒரு கடல் கிடக்கிறது, அவ்வளவுதான்.

அந்த வாடகை மென்பொருள்காரர்களின் உதவிப் பிரிவுக்கு எழுதிக் கேட்டேன். ஒருவர் கூடையை இன்னொருவர் ஏன் திறக்க வேண்டும், உங்கள் கேள்வி புரியவில்லை என்று மரியாதையாகப் பதில் வந்தது. உங்களுக்கு எப்படியப்பா புரியும் என்று கத்தினேன். கீழ்வீட்டு நாய் குரைத்தது. பிறகு, அழகில்லை என்று மூடிவைத்த அந்தப் பழசைத் திறந்து ஒவ்வொரு மூலையாகக் குடைந்தேன். எங்கோ அடியில் ஒரு வசதி இருந்தது. நிரப்பிய கூடையை ஒரு லிங்க்காக்கி யாருக்கும் அனுப்பலாம், அவர் திறந்து சேர்க்கலாம், எடுக்கலாம், பணம் கட்டலாம். எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்று நாமே சொல்லலாம். இதை எழுதியவன் யாரோ, எந்தத் தேசத்தானோ. அவன் வீட்டிலும் யாரோ ஒருவர் தூரத்தில் இருந்திருக்க வேண்டும். அவனைப் பார்த்து நாலு வார்த்தை பேச ஆசையாக இருந்தது.

"பெருநாள் நெருக்கத்துல கடைய இடிச்சுக் கட்டுறீகளே" என்று அக்கா பயந்தார். கம்பெனியில் ஒப்பந்தக் காகிதத்தைக் கையில் கொடுத்துவிட்டார்களாம், கணவர் இன்னும் ஒன்றும் சொல்லவில்லையாம். எனக்கும் உள்ளுக்குள் உதறல்தான். ஆனாலும் மாற்றினேன்.

அந்த வெள்ளிக்கிழமை நானே போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். நம் கடிகாரம் அவர்களுக்கு முன்னால் ஓடுகிறது. இங்கே நாலு மணி ஆகியும் ஒன்றும் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் போனில் மணி அடித்தது. பணம் கட்டியாகிவிட்டது. அடுத்தது. அதற்கடுத்தது. சவுதி, குவைத், மறுபடி சவுதி. "மாஷா அல்லாஹ், மாஷா அல்லாஹ்" என்று அக்கா ஒவ்வொரு மணிக்கும் சொன்னார். மறந்துவிட்டாயா என்றதற்குச் சண்டைக்கு வந்த பெண் போன் செய்தார். அவர் கணவர் தன் தங்கச்சி மகளுக்கும் ஒரு கவுன் சேர்த்துவிட்டாராம். "அவுகளா எப்படிச் சேக்கலாம்? ஒங்க கடையில இத மொதல்ல நிறுத்துங்க" என்றார். நாங்கள் ரெண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

அக்கா திரையைப் படம் பிடித்துக் கணவருக்கு அனுப்பினார். அவர் பார்த்ததற்கு அடையாளம் விழுந்தது. பதில் வரவில்லை. அக்கா போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் துணிகளைப் பொட்டலம் கட்ட எழுந்தார்.

இன்னொரு மணி அடித்தது. நான்தான் எடுத்துப் பார்த்தேன். பெரிய அளவில் ஒரு சுடிதார், அதே துணியில் சின்ன அளவில் ஒன்று. யாரும் நிரப்பி அனுப்பிய கூடை இல்லை, வாங்கியவரே தேடி எடுத்தது. அக்கா எட்டிப் பார்த்தார்.

"இது அவுக நம்பரு."

துணி எங்கே போக வேண்டும் என்ற இடத்தில் முகவரி இல்லை. 'கடைக்கு நேரில் வந்து பெற்றுக்கொள்கிறேன்' என்று இருந்தது.

"இது மென்பொருளோட தானா வர்ற வசதி அக்கா. நமக்குத் தேவையில்ல, நான்தான் எடுக்காம விட்டுட்டேன். தெரியாம அழுத்திருப்பாரு, வீட்டு விலாசத்துக்கு மாத்திடட்டுமா?" என்று கையை நீட்டினேன்.

அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"தொடாதீங்க" என்றவர், உள்ளறைப் பக்கம் திரும்பித் தெருவுக்கே கேட்கிற மாதிரிக் கூப்பிட்டார். "ஏ புள்ள, இங்க ஓடியாடி! அத்தா வாராகடி!"