தொடைநடுங்கியைக் கொன்றது யார்

என் மனைவிக்குத் தொழில், பிள்ளைகளைப் பயமுறுத்துவது. "மேடம் என்ன பண்றாங்க?" என்று யாராவது கேட்டால் "வீட்ல பேய் வளர்க்கிறாங்க" என்பேன். பதின்மூன்று, பதினாலு வயசுப் பிள்ளைகள் போர்வைக்குள் டார்ச் அடித்துப் படிக்கிற நாவல்கள் அவளுடையவை. நான் லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க இருட்டுக் குழிக்குள் நின்று கம்பிக்கு கிரீஸ் பூசுகிறவன். ஆனாலும் அவள் புத்தகத்தில் இரண்டு பக்கம் தாண்ட எனக்குத் தெம்பு கிடையாது. லிஃப்ட் கெட்டால் எது கெட்டது என்று கழற்றிப் பார்க்கலாம், பேயை என்ன செய்வது?

பேய்க்கதை எழுதுகிறவள் என்றதும் மெழுகுவத்தியும் விரித்த தலையுமாக ஒரு ஆளை எதிர்பார்த்து வருவார்கள். வந்து பார்த்தால் சாயம் போன நைட்டி, கொண்டையில் செருகிய பேனா, ஆடை படிந்த காபி. காலையில் நான் கிளம்பியதும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தால் மதியம் வரை கையால்தான் எழுத்து. நடுவில் என் போன் அடிக்கும். "என்னங்க, லிஃப்ட் ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னா உள்ள இருக்கறவங்களுக்கு என்ன சத்தம் கேட்கும்?" நானும் வேலை மெனக்கெட்டு விளக்குவேன். அந்தப் புத்தகம் வந்த பிறகு ஒரு வாரம் படியேறித்தான் வேலை பார்த்தேன்.

பக்கத்துத் தெருவில் இருக்கும் என் மச்சினி, அதாவது அவள் தங்கை, மதியம் வருவாள். அக்கா எழுதியதைக் கம்ப்யூட்டரில் அடித்துப் பதிப்பகத்துக்கு அனுப்புவது அவள் வேலை. அடிப்பதற்கு முன்னால் ஒரு பரீட்சை உண்டு. சமையலறையில் தங்கை காய் நறுக்குவாள், அக்கா அத்தியாயத்தை வாசிப்பாள். தங்கையின் கத்தி நின்றுவிட்டால் அத்தியாயம் தேறியது. டக் டக்கென்று ஓடிக்கொண்டே இருந்தால் அப்போதே கிழிபடும். எங்கள் வீட்டில் சாப்பாடு நேரத்துக்கு வந்தால், அன்றைக்கு எழுதியது குப்பை என்று நான் புரிந்துகொள்வேன்.

அவள் புத்தகங்கள் எல்லாம் ஒரே வரிசை. துணிச்சல்காரப் பெண் ஒருத்தி, அவளுடன் ஒட்டிக்கொண்டே திரியும் பயந்தாங்கொள்ளித் தோழி ஒருத்தி. தோழிக்குப் பட்டப்பெயர் தொடைநடுங்கி. அந்த இரண்டு பேரும் எங்கிருந்து வந்தார்கள் என்பது எனக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் அவளே சொன்னாள். சின்ன வயதில் அக்காவும் தங்கையும் ஒரு பழைய கிடங்குக்குள் விளையாடப் போய் மாட்டிக்கொண்டார்கள். தானாக மூடிக்கொள்ளும் இரும்புக் கதவு. ஒருவர் முதுகு கொடுத்துத் தள்ளிப் பிடித்தால்தான் இன்னொருவர் வெளியே போக முடியும். தங்கை அழுதாள். அக்கா முதுகு கொடுத்துத் தங்கையை அனுப்பிவிட்டுச் சாயங்காலம் வரை உள்ளேயே கிடந்தாள். கடைசியில் வாட்ச்மேன் வந்து திறந்துவிட்டார். இதைக் கேட்டு எனக்குப் பெருமை தாங்கவில்லை. சொந்தக்காரர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்திருக்கிறேன்.

எழுதுவதில் அவளுக்கு ஒரே ஒரு பிடிவாதம். "என் புக்ல எந்தப் பிள்ளையும் சாகாது. பயப்படட்டும், அழட்டும், ஆனா வீட்டுக்கு வந்து சேர்ந்துடணும்." பள்ளிக்கூடங்களுக்குப் பேசப் போகும்போதெல்லாம் இதை வாக்குறுதியாகவே சொல்வாள். அந்த நம்பிக்கையில்தான் பிள்ளைகள் அவ்வளவு பயத்தையும் தாங்கிக்கொண்டு அடுத்த பக்கத்தைத் திருப்புகிறார்கள் என்பாள்.

விற்பனை கொஞ்சம் படுத்தபோது பதிப்பகத்துக்காரர் வீடு தேடி வந்தார். "ஒரு சாவு வேணும்மா. தொடைநடுங்கியைப் போட்டுடுங்க. ஸ்கூல் பூரா இதே பேச்சா இருக்கும்."

"அவ சாக மாட்டா சார்."

"யோசிச்சுப் பாருங்க."

"யோசிக்க ஒண்ணுமில்ல. காபி குடிங்க."

குடித்துவிட்டுப் போனார். அதோடு முடிந்தது என்று நினைத்துக்கொண்டோம்.

சில மாதம் கழித்து, ஏற்கனவே ஒரு முறை பேசியிருந்த பள்ளியின் நூலகத்தில் மறுபடி கூப்பிட்டிருந்தார்கள். எனக்கு அன்று லீவு, நான்தான் காரில் கூட்டிப்போனேன். பேசி முடித்ததும் கண்ணாடி போட்ட ஒரு பெண் எழுந்தாள்.

"தொடைநடுங்கியை ஏன் கொன்னீங்க?"

என் மனைவி சிரித்துவிட்டாள். "யாரு சொன்னா? அவ நல்லாத்தான் இருக்கா. அடுத்த புக்ல வருவா பாரு."

அந்தப் பெண் சிரிக்கவில்லை. பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து உயர்த்திக் காட்டினாள். அட்டையில் என் மனைவியின் பெயர். நாங்கள் கண்ணாலும் பார்த்திராத புத்தகம்.

"எந்தப் பிள்ளையும் சாகாதுன்னு போன வருஷம் இங்க நின்னுதான் சொன்னீங்க. நான் நம்பித்தான் படிச்சேன்."

என் மனைவிக்கு முகம் வெளுத்துவிட்டது. "நான் விசாரிச்சுட்டு வந்து உனக்குச் சொல்றேன்மா" என்றாள். எழுதினவளே விசாரிக்கப் போகிறாளாம் என்று நூலகமே சிரித்தது. எனக்கு எழுந்து நாலு பேரையாவது அதட்ட வேண்டும் போலிருந்தது.

புத்தகத்தை இரவல் வாங்கிக்கொண்டு காரில் ஏறினாள். நான் ஓட்ட, அவள் பதிப்பகத்துக்குப் போன் போட்டாள். வரிசையும் பாத்திரங்களும் பதிப்பகத்துக்குச் சொந்தம், ஒப்பந்தத்தில் இருக்கிறது என்றார் அந்த மனுஷன். யார் எழுதியது என்று கேட்டதற்கு, "அது எதுக்கும்மா இப்போ" என்று வைத்துவிட்டார். அவள் கடைசி அத்தியாயத்தைப் பிரித்தாள். படித்துக்கொண்டே வந்து ஒரு இடத்தில் விரலை வைத்தாள்.

"இரும்புக் கதவு வருதுங்க. இது எனக்கும் என் தங்கச்சிக்கும் மட்டும்தான் தெரியும்."

"ஏன், எனக்கும்தான் தெரியும்."

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

எனக்கு ரத்தம் கொதித்தது. எங்கள் வீட்டுச் சாவி ஒன்று எப்போதும் மச்சினியிடம் இருக்கும். என் பிள்ளையைத் தூக்கி வளர்த்தவள். அக்காவுக்குத் தெரியாமல் அவள் ஒரு கைக்குட்டை வாங்கியிருப்பாள் என்று கூட நான் நம்பியதில்லை. அப்படிப்பட்டவள் அக்கா பெயரிலேயே புத்தகம் எழுதிக் கொடுத்துவிட்டு, தினமும் வந்து எங்கள் வீட்டுக் காயை நறுக்கியிருக்கிறாள்!

அன்றும் வந்து உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். புத்தகத்தைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். என் மனைவி அவள் கையிலிருந்து கத்தியை வாங்கிக்கொண்டு, பீன்ஸுக்கு முன்னால் தான் உட்கார்ந்தாள்.

"வாசி."

"அக்கா..."

"வாசிடி. எழுதத் தெரிஞ்சவளுக்கு வாசிக்கத் தெரியாதா?"

தங்கை கடைசி அத்தியாயத்தை வாசித்தாள். கத்தி டக் டக்கென்று ஓடியது. இரும்புக் கதவு மூடிக்கொள்கிறது. தொடைநடுங்கி நடுங்கிக்கொண்டேதான் முதுகு கொடுத்துத் தள்ளுகிறாள். 'நீ போ, நான் வரேன்' என்கிறாள். துணிச்சல்காரி ஊர்ந்து வெளியே வந்து ஓடுகிறாள். உள்ளேயிருந்து தட்டுகிற சத்தம் கேட்கிறது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

கத்தி நின்றது.

மறுபடி ஓடும் என்று நான் காத்திருந்தேன். ஓடவில்லை.

"கதவைப் பிடிச்சது நான். ஓடினது நீ" என்றாள் தங்கை. "சாயங்காலம் வரைக்கும் உள்ள கிடந்தேன். திட்டு விழும்னு நீ வீட்ல வாயே திறக்கல. அப்புறம் அதை மாத்தி எழுதினே. கதைதானேன்னு விட்டேன். ஒவ்வொரு புக்லயும் என்னை அழ வச்சே, உளற வச்சே. எல்லாத்தையும் என் கையாலயே டைப் பண்ணேன்."

"என்கிட்ட சண்டை போட்டிருக்கலாம்ல? என் பேர்ல எழுதி, என்னை நம்பின பிள்ளைங்க முன்னாடி நிக்க வச்சிட்டியேடி."

"சண்டை போட்டா மாத்தி எழுதியிருப்பியா?"

"உன்னை நம்பித்தானே ஒவ்வொரு வரியையும் உன்கிட்ட முதல்ல வாசிச்சேன். நீ பயந்தாத்தானே நான் எழுதினதுக்கு அர்த்தம்."

"எனக்கு எப்பவுமே பயம் வந்ததில்லக்கா. இன்னைக்காவது நடந்ததை நடந்தபடி சொல்லுவியான்னுதான் கத்தியை நிறுத்திட்டுக் கேட்பேன்."

சாவியை மேசைமேல் வைத்தாள். "வரேன் மாமா" என்று என்னிடம் மட்டும் சொல்லிக்கொண்டு போனாள். திட்டுவதற்கு வாயில் தயாராக வைத்திருந்த எதையும் என்னால் சொல்ல முடியவில்லை. என் மனைவியைத் தேற்றவும் மனம் வரவில்லை. இத்தனை வருஷம் நான் பெருமைப்பட்டது யாரை நினைத்து? ஒரே வீட்டில் இரண்டு பேரும் சேர்ந்து என்னை நன்றாக ஏமாற்றியிருக்கிறார்கள். பீன்ஸ் பாதியில் கிடந்தது. அன்றைக்குச் சாப்பாடே இல்லை.

அடுத்த வாரம், "ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றாள். தங்கை மேல் பழியைப் போடப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். போட்டிருந்தாலும் தப்பு சொல்லியிருக்க மாட்டேன். நூலகத்தில் அந்தக் கண்ணாடிக்காரப் பெண்ணைக் கூப்பிட்டு விட்டார்கள். என் மனைவி இரவல் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.

"விசாரிச்சீங்களா?"

"விசாரிச்சேன். நான்தான்மா. நிஜமாவே நடந்தது அது. அவ கதவைப் பிடிச்சிருந்தா, நான் ஓடிட்டேன்."

பெண் புத்தகத்தைப் பையில் வைத்தாள். "அப்போ நிஜத்துல அவ சாகலையா?"

"இல்லம்மா. வீட்டுக்கு வந்துட்டா."

"யாரு கதவைத் திறந்தாங்க?"

வாட்ச்மேன் என்று சொல்ல நான் வாயெடுத்தேன். என் மனைவி என் பக்கம் திரும்பினாள். அந்தப் பார்வையில்தான், வாட்ச்மேனும் அவள் எழுதின ஆள் என்பது எனக்குப் புரிந்தது. யார் திறந்தார்கள் என்று அவளுக்குத் தெரியாது. இத்தனை வருஷத்தில் தங்கையிடம் அதை அவள் கேட்டதே இல்லை.