செல்வி உள்ளே போன வீடு

உங்கள் வீட்டு பாத்ரூமுக்கு அரசியல் முக்கியத்துவம் ஏதாவது உண்டா? என் வீட்டு பாத்ரூமுக்கு உண்டு. போன வாரம்தான் எனக்கே தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை, உச்சி வெயில். மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் அரிசி லாரிகள் ஒன்றையொன்று மறித்துக்கொண்டு ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. காலிங் பெல் சத்தம். கதவைத் திறந்தால் செல்வி! வணக்கம் இல்லை, சிரிப்பு இல்லை. "அக்கா, பின்ன பேசலாம்" என்று என்னைத் தள்ளாத குறையாக உள்ளே ஓடினாள். எங்கே என்று நான் கேட்கவில்லை. அவள் ஓடினால் அந்த இடத்துக்குத்தான்.

செல்வியின் அப்பா அம்மா தென்காசிப் பக்கமிருந்து வந்து இங்கே மார்க்கெட்டில் காய்கறி விற்றவர்கள். இவள் பிறந்ததும் படித்ததும் இங்கேதான். தமிழ் நன்றாகப் பேசுவாள். எழுதச் சொன்னால் மலையாளம்தான் வரும். பெண்களுக்கென்று ஒதுக்கிய வார்டில் நிற்க ஆள் கிடைக்காமல் கட்சி இவளைப் பிடித்து நிறுத்தியது. ஜெயித்தாள். அடுத்த தேர்தலில் அந்த வார்டு பொது வார்டு ஆனது. "கொறச்சு ரெஸ்ட் எடுத்தோ மோளே" என்று அன்பாக ஓரங்கட்டினார்கள். வார்டு மறுபடி பெண்களுக்கு வந்தது. ரெஸ்ட் முடிந்துவிட்டது என்று மறுபடி கூப்பிட்டார்கள். மறுபடி ஜெயித்தாள்.

இப்போது சட்டசபை சீட்டுக்கு அவள் பெயர் அடிபட்டது. கடைசிச் சுற்றில் இரண்டே பெயர்கள்: ஒன்று செல்வி, இன்னொன்று ஒரு சேட்டன், கட்சி அண்ணன். வெள்ளிக்கிழமை வேட்பாளர் பட்டியல் வருவதாகப் பேச்சு.

அதற்கும் பாத்ரூமுக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? ஆண் அரசியல்வாதிக்கு ஊரெல்லாம் சுவர். சுவர் இல்லாத இடத்தில் மரம். செல்வி என்ன செய்வாள்? காலையில் கிளம்பும்போது தண்ணீர் குடிக்க மாட்டாள். ஆனால் ஏறுகிற வீட்டிலெல்லாம் சாயா நீட்டுகிறார்களே! வேண்டாம் என்றால் அகங்காரி. குடித்தால்... அவஸ்தை. ஒரு மடக்கு குடித்துவிட்டுக் கிளாஸை நைஸாக வைத்துவிட்டு எழுந்துவிடுவாள்.

எந்தத் தெருவில் எந்த வீட்டில் கேட்கலாம் என்பது அவளுக்கு மனப்பாடம். அதில் மட்டும் கட்சி பார்க்க மாட்டாள். அடக்கி அடக்கி இன்ஃபெக்‌ஷன் வந்து, டாக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது வேறு கதை.

அன்று முகம் கழுவிக்கொண்டு வந்து ஃபேனுக்குக் கீழே கொஞ்ச நேரம் கண்ணை மூடி உட்கார்ந்தாள். "வெள்ளிக்கிழமை வரைக்கும் உயிர் கிடந்தா போதும் அக்கா" என்றாள். கிளம்பினாள்.

இங்கேதான் விதி விளையாடியது. எங்கள் வீட்டு மாடியில் என் கொழுந்தன் மணி குடியிருக்கிறான். செல்வியின் கட்சிக்கு ஜென்ம விரோதியான கட்சியில் இந்த வட்டாரச் செயலாளர். சாப்பாட்டுக்கு வந்தவன், செல்வியைக் கண்டதும் கேட் வரை கூடவே போய், கும்பிடு போட்டு வழியனுப்பினான். மரியாதை தெரிந்தவன்! எதிர்ச் சாயாக்கடையிலிருந்து யாரோ அவள் உள்ளே ஓடியதையும் இதையும் போனில் பிடித்துவிட்டார்கள்.

சாயங்காலம் ஊர் முழுக்க அந்த வீடியோ. செல்வி அவசரமாக உள்ளே நுழைகிறாள். கதவு மூடிக்கொள்கிறது. பேய்ப்படம் மாதிரி மியூசிக். கதவு திறக்கிறது. மணியின் கும்பிடு. 'எதிரியின் வீட்டில் ரகசியப் பேச்சு! உள்ளே நடந்தது என்ன?'

உள்ளே நடந்தது என்ன என்று எனக்குத் தெரியும். சொல்லத்தான் முடியவில்லை.

"மதினி, நம்ம வீடு எல்லா சேனல்லயும் வருது!" என்று மணி மாடியிலிருந்து இறங்கி வந்தான். கவலைப்படுகிற மாதிரி முகத்தை வைத்திருந்தான். உள்ளூர சந்தோஷம். இத்தனை வருஷத்தில் அவனோடு ரகசியம் பேச ஒருத்தர் வருவார் என்று யாருக்காவது தோன்றியதுண்டா?

செல்விக்குப் போன் போட்டேன். "நான் வந்து சொல்றேன் செல்வி. நீ எதுக்கு வந்தேன்னு நான் சொன்னா போச்சு" என்றேன்.

"வேண்டாம் அக்கா! ஆரு கேட்டாலும் ஒண்ணும் சொல்லாதீங்க. இன்னிக்கு இத சொன்னா, ஜீவிதகாலம் முழுக்க என் பேருக்கு முன்னால இது ஒட்டிக்கும்." குரல் நடுங்கியது. கவுன்சில் கூட்டத்தில் மேஜையைத் தட்டிப் பேசுகிற குரல் அது.

மறுநாள் காலை அவளே கூப்பிட்டாள். கட்சி ஆபீஸில் விளக்கம் கேட்கிறார்களாம். ஒரு பெரியவர் தனியாக அழைத்துப் போய் யோசனை சொன்னாராம். துக்கம் விசாரிக்கப் போனதாகச் சொல்லிவிடு, மரண வீட்டுக்குக் கட்சி கிடையாது என்று.

"எங்க வீட்ல யாருடி செத்தா?"

"அதான் அக்கா... ஆராவது தூரத்துச் சொந்தம்..."

பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் தலையைத் தூக்கி, "என்னைப் பார்க்காதே" என்றார். வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். ஒரு மனுஷி ஒன்றுக்குப் போனதை மறைக்க ஒரு சாவு வேண்டியிருக்கிறது. இது என்ன உலகம்?

அன்று மத்தியானம் டிவியில் அவளைக் காட்டினார்கள். கட்சி ஆபீஸ் வாசல், முகத்துக்கு நேரே பத்து மைக். நான் சாமி படத்தையும் டிவியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லாதே என்று வேண்டிக்கொண்டேனா, சொல் என்று வேண்டிக்கொண்டேனா... தெரியவில்லை.

"அந்த வீட்டுக்கு எதுக்குப் போனீங்க?"

செல்வி ஒரு நிமிஷம் தரையைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்தாள். "மூத்திரம் போக" என்றாள். மலையாளத்தில்தான், ஆனால் பட்டவர்த்தனமாக.

மைக்குகள் அப்படியே நின்றன. ஒரு பையன் மட்டும் விடவில்லை. "அதுக்கு இத்தனை நேரமா?"

"நீங்களும் சேலை கட்டி, வெயில்ல நடந்து, காலைலேர்ந்து அடக்கிப் பாருங்க மோனே. பின்ன கேளுங்க."

நான் எழுந்து நின்று கை தட்டினேன். மணி முகம் தொங்கிப்போனது. பாவம், அவனுடைய ராஜதந்திரப் புகழ் ஒரே நாளில் அந்தத் தண்ணீரோடு போய்விட்டது.

தப்பித்தாள் என்று நினைத்தேன். எவ்வளவு அப்பாவி நான்! கட்சியில் அதற்குப் பிறகுதான் கொதித்தார்கள். எதிரியோடு ரகசியம் பேசியிருந்தால்கூட அது அரசியல். ஒரு பெண் கேமரா முன்னால் இப்படிப் பேசுவதா? நாணக்கேடு!

வெள்ளிக்கிழமை பட்டியல் வந்தது. சேட்டன் பெயர்தான் இருந்தது.

சாயங்காலம் செல்வி வந்தாள். ஓடி வரவில்லை. நடந்து வந்து சோபாவில் உட்கார்ந்தாள். அழுதது நான்தான்.

"நான் சொன்னது நேரில்ல, பொய்யின்னு ஆரும் சொல்லல அக்கா. சொன்னதுதான் தப்பாம்" என்றாள். பிறகு, "ரகசியம் பேசினேன்னு ஒத்துக்கிட்டிருந்தா சீட் கிடைச்சிருக்குமோ?" என்று கேட்டாள்.

கிடைத்திருக்கும் என்றுதான் எனக்குப் பட்டது. எந்த வாயால் அதைச் சொல்வது?

அப்போது காலிங் பெல். இரண்டு இளம் பெண்கள். மணியின் கட்சி பேட்ஜ், கை நிறைய நோட்டீஸ், வெயிலில் கருத்த முகம். ஓட்டுக் கேட்கத்தான் வந்திருப்பார்கள் என்று நினைத்தேன். நோட்டீஸை நீட்டவில்லை. "செல்விச் சேச்சி வந்த வீடு... இதல்லே?" என்று ஒருத்தி தயங்கினாள். உள்ளே செல்வியே உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் இரண்டு பேரும் வெலவெலத்துப் போனார்கள்.

செல்வி அவர்களுடைய பேட்ஜைப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள். எழுந்தாள்.

"நேரே போயி இடது பக்கம். மெல்ல போயிட்டு வாங்க, ஒண்ணும் அவசரமில்ல" என்று உள்ளே அனுப்பிவிட்டு, விறுவிறுவென்று வெளியே போனாள். இன்னொரு வீடியோவா? பின்னாலேயே ஓடினேன்.

என் வீட்டு கேட்டுக்கு நடுவில் நின்றுகொண்டு, இடுப்பில் கை வைத்து, எதிர்ச் சாயாக்கடையைப் பார்த்து, மேஜை தட்டுகிற அந்தக் குரலில் சொன்னாள்: "ரெண்டு பொண்ணுங்க உள்ள போயிருக்கு. வீடியோ எடுக்கறவங்க எடுத்துக்கலாம்!"

ஒருத்தர் கையும் பாக்கெட்டுக்குப் போகவில்லை.